ஓரம் வெட்டிய துணி

தசரதனின் கையைப் பற்றி ஆவடிப் பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தக் கை மேலே பட்டால் போதும், சட்டைப் பையில் எத்தனை பீடி இருக்கிறது, அதில் எது பாதி குடித்து அணைத்தது என்பது வரைக்கும் தெரிந்துவிடும் என்பார்கள். ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் மூன்றாம் கேட்டுக் காவலர் அவர். சாயங்காலம் சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஆற்று வெள்ளம் மாதிரி வரும். வருகிற ஒவ்வொருவரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நிற்க வேண்டும். அக்குள், இடுப்பு, முழங்கால், டிபன் கேரியர். நாலே நொடி. "போ."

பதினாறு வருஷம் இதையே செய்த கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? மூத்தவள் புஷ்பாவின் பள்ளிக்கூடப் பையைத் திறந்து பார்க்கும். அடுப்பின் மேலிருக்கும் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கும். சின்னவள் லலிதா வாயை மூடிக்கொண்டு நின்றால், "வாயத் தொற, இன்னா வெச்சிகினு கீற?" என்று கன்னத்தைப் பிடிக்கும். "கேட்டு அங்க கீது. இது ஊடுய்யா" என்பாள் சுசீலா. தசரதன் சந்தேகப்பட்டதில் பாதிக்கு மேல் சரியாகவே இருந்து தொலைத்தது. அதுதான் சிக்கல்.

பால்ராஜ் விஷயமும் அப்படித்தான். அதே ப்ளாக்கில் கீழ்வீட்டுக்காரர். சுசீலாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்து அனுப்பிய வீடு. ஒருநாள் சாயங்காலம் அவர் நடையில் ஏதோ ஒரு கனம் தெரிந்தது. தசரதன் தனியே நிறுத்திப் பார்த்தார். பனியனுக்குள் வயிற்றைச் சுற்றிப் பதினொரு மீட்டர் நைலான் துணி. பால்ராஜுக்கு வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி வண்டியில் சாமான் ஏற்றும்போது பால்ராஜின் மனைவி மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பதினாறு வீட்டு ப்ளாக்கில் யாரும் தசரதன் வீட்டுப் படியேறவில்லை. அடுத்த வருஷம் புஷ்பாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். வாசலில் பந்தல் போட்டு, வாடகைக்கு நாற்பது நாற்காலி எடுத்து, வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள் சுசீலா. சொந்தக்காரர்களை விட்டால் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தது மூன்றே பேர். மீதி நாற்காலிகளை மடித்து அடுக்கும்போது புஷ்பா பட்டுப்புடவையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தசரதன் அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "திருடனுக்குப் பரிஞ்சிகினு கீறானுங்க. வராதவன் வேணாம்."

எண்பத்தேழாம் வருஷம் பொங்கல் கழிந்து எதிர்வீட்டுக்கு ஜபல்பூரிலிருந்து மாற்றலாகி ஒரு ஜோடி வந்தது. ராம்சரண், பிம்லா. இருவருக்கும் முப்பதைத் தாண்டாத வயது. ராம்சரணுக்குத் தொழிற்சாலைக்குள் துணி வெட்டுகிற பகுதியில் வேலை. பிம்லாவிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. தமிழில் 'தண்ணி', 'வா', 'எவ்ளோ' என்று மூன்று வார்த்தை இருந்தது. புஷ்பா மத்திய அரசுப் பள்ளியில் படிப்பதால் அவளுக்கு இந்தி தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவள்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். சோறு போட்டுக்கொண்டே சுசீலா சொன்னாள்:

"அவங்க ஊர்ல ஒரு நோம்பு வருதாம். தங்கச்சிங்க அண்ணங்காரனுக்குக் கையில கயிறு கட்டுவாங்களாம். இந்த ஊர்ல அவளுக்கு யாரு கீறா? உனக்குக் கட்டணும்னு ஆசப்படுது."

தசரதனின் கை தட்டில் நின்றது. "எனக்கு எதுக்கு?"

"கூடப் பொறந்தவனா நெனைக்குதுய்யா."

"எதுக்கு நெனைக்குது?"

"துணிமணி கூட ஊர்லேர்ந்து வரவச்சிகீது. நம்ம நாலு பேருக்கும். அவங்க ஊர் மாதிரி அதுவே தைச்சிக் குடுக்குமாம். அன்னிக்கி எல்லாரும் போட்டுகினு போவணும்."

இப்போது அவர் முழுதாக நிமிர்ந்து பார்த்தார். சுசீலா குழம்புக் கரண்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

எந்த ஊரிலாவது எதிர்வீட்டுக்காரி ஒரு குடும்பத்துக்கே துணி எடுத்துக் கொடுப்பாளா? அதுவும் யார் குடும்பத்துக்கு? தினமும் சாயங்காலம் அவள் புருஷன் எந்தக் கேட்டு வழியாக வெளியே வருகிறானோ, அந்தக் கேட்டில் நிற்கிறவன் குடும்பத்துக்கு. கையில் ஒரு கயிறு. அப்புறம் மச்சான் முறை. மச்சானை யார் சோதனை போடுவான்? 'விடு, நம்ம ஆளு' என்று ஒருநாள் கை தளர்ந்தால் போதும். கணக்குச் சரியாக வந்ததும் தசரதனுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

எதிர்வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிம்லா அளவெடுக்க வந்தபோது தசரதனைப் பார்த்து, "பையா" என்றாள்.

"இன்னாது, பையன்னு கூப்புடுது?"

"பையான்னா அண்ணன்பா" என்றாள் புஷ்பா.

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

வெள்ளிக்கிழமை துணி வந்தது. புஷ்பாவுக்கும் லலிதாவுக்கும் மயில் கழுத்து நிறத்தில் தரையைத் தொடும் பாவாடை, குட்டையான சட்டை, விளிம்பெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடி. சுசீலாவுக்கு அதே நிறத்தில் புடவை, பாதி முதுகு வரைக்கும் கயிறு கட்டுகிற ரவிக்கை. தசரதனுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளை ஜிப்பாவும் பைஜாமாவும். பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, தசரதன் ஜிப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

வெள்ளை பாப்ளின். நல்ல கெட்டித் துணி. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். அந்த வழவழப்பு விரலுக்குத் தெரிந்தது. தொழிற்சாலைக்குள் இப்படித்தான் ஒரு வெள்ளைத் துணி வரும்; சீருடைக்கு உள்ளே கொடுத்துத் தைப்பது. அதன் ஓரத்தில் ஒரு நீலக் கோடு ஓடும். திருட்டுத் துணியா என்று பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும். ஜிப்பாவை உட்புறமாகத் திருப்பினார். தையற்காரர்கள் பக்கவாட்டில் சேர்க்கிற இடத்தில் துணியின் கரையை அப்படியே விட்டுவிடுவார்கள். பிசிறு வராது, வேலை மிச்சம். இதில் கரை இல்லை. தோளிலிருந்து கீழே வரைக்கும் கத்தரியால் ஒரே நேராக வெட்டி எடுத்திருந்தது. பைஜாமாவைத் திருப்பினார். அதிலும் இல்லை.

ஒரு துணியின் ஓரத்தை யாராவது காரணம் இல்லாமல் வெட்டுவார்களா?

"நல்லாகீதா?" என்று பின்னாலிருந்து சுசீலா கேட்டாள்.

"ரொம்ப நல்லாகீது" என்றார். உள்மடிப்பிலிருந்து நகத்தளவு துணியைக் கத்தரித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. மூன்றாம் கேட்டில் ராம்சரண் வரிசையில் வந்தான். கையைத் தூக்கினான். நாலு நொடி முடிந்தும் தசரதன் 'போ' என்று சொல்லவில்லை.

"சட்டையக் கழட்டு."

ராம்சரண் புரியாமல் சிரித்தான். தசரதன் சைகை காட்டினார். பின்னால் வரிசை நின்றது. சைக்கிள் மணிகள் ஓய்ந்தன. ராம்சரண் சட்டையைக் கழற்றினான். பனியனையும் கழற்றச் சொன்னார். செருப்பைத் தட்டிப் பார்த்தார். டிபன் டப்பாவைக் கவிழ்த்தார். காய்ந்த சப்பாத்தி ஒன்று மண்ணில் விழுந்தது. ஒல்லியான வெற்று மார்போடு அவன் நின்ற நேரம் கொஞ்சம்தான். ஆனால் ஷிஃப்ட் முழுக்க அதைப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் சட்டையைப் போட்டுக்கொள்ளும்போது பொத்தான் துளையில் சரியாக மாட்டவில்லை. மேல்பொத்தானைக் கீழ்த்துளையில் போட்டுக்கொண்டு கோணலாகப் போனான்.

'இன்னிக்கி இல்ல. முன்னாடியே எடுத்துட்டான்' என்று நினைத்துக்கொண்டார் தசரதன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு" என்று ஆரம்பித்தார். சுசீலா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா எழுதற?"

"புகாரு. எதிர் ஊட்டான் துணி திருடறான். நாளைக்கி அவன் திருடின துணியப் போட்டுகினு அவன் பொண்டாட்டி கையால கயிறு கட்டிக்கணுமாம் நானு."

"எந்தத் துணி?"

சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினார். ஜிப்பாவைத் திருப்பி, வெட்டிய ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நீலக் கோட்டைப் பற்றிச் சொன்னார். கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். சுசீலா கேட்டுக்கொண்டே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன இன்னா பண்ண இன்னிக்கி?"

"சட்டையக் கழட்டச் சொன்னேன்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுக்காமலே சொன்னாள்:

"அந்த ஓரத்த வெட்டினது நானு."

தசரதன் பேனாவை மூடவில்லை.

"துணி எடுத்ததும் நானு. ஜபல்பூர்லேர்ந்து ஒண்ணும் வரல. தீபாவளிக்குன்னு வெச்சிருந்த காசுல ஆடித் தள்ளுபடியில எங்க ஊர் சுலைமான் பாய் கடையில எடுத்தேன். கரையில கடைப் பேரு அடிச்சிருந்திச்சி. நீ பாப்பன்னு தெரியும். அதான் வெட்டினேன்."

"கயிறு?"

"அதுவும் நான்தான். பிம்லாவுக்கு ஊர்ல மூணு அண்ணன் கீறானுங்க. நோம்பு வருதுன்னு புஷ்பா கிட்ட சொல்லிகினு இருந்திச்சி. எங்க ஊட்டுக்காரருக்குக் கட்டும்மான்னு நான் போய்க் கேட்டேன். அதுக்கு நம்மளப் பத்தி இன்னும் ஒண்ணும் தெரியாது. அதனால சரின்னு சொல்லிச்சி."

"எதுக்கு?"

சுசீலா முகத்திலிருந்து கையை எடுத்தாள். "எதுக்கா? நாப்பது நாற்காலிய மடிச்சி வெச்சனே, அதுக்கு. பொண்ணுங்க ரெண்டும் இந்த ப்ளாக்குல ஒரு ஊட்டுக்குள்ள போய் ஒரு பலகாரம் தின்னுட்டு வரட்டுமேன்னு. யாராச்சும் ஒருத்தங்க உன் கையத் தொட்டு நல்ல வார்த்த சொல்லட்டுமேன்னு. கேட்டுல நீ மட்டும் தான எல்லாரையும் தொடற."

தசரதன் யோசித்தது வேறு. இவள் எதிர்வீட்டுக்காரனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாளோ?

அவர் யோசிப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நம்பல இல்ல? காலையில போய் பாய் கடையில கேளு. அதுவும் போய்ப் பாத்துட்டு வா."

போனார். அதுதான் தசரதன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் வழியாக சுசீலா பிறந்த கரையான்சாவடிக்கு மிதித்தார். கடை திறக்கிற வரைக்கும் எதிரே டீக்கடையில் காத்திருந்தார். சுலைமான் ஷட்டரைத் தூக்கியதும் துண்டுத் துணியை அவர் முன் வைத்தார்.

"இது உங்க கடைத் துணியா பாய்?"

சுலைமான் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணிக்கட்டை இறக்கிப் பிரித்தார். அதே வழவழப்பு. கரை நெடுகச் சிவப்பில் கடைப் பெயர் அச்சாகியிருந்தது. நீலக் கோடு எதுவும் இல்லை.

"நம்ம பூங்காவனம் பொண்ணு சுசீலா வந்து எடுத்துச்சே, அதா? நீங்க மாப்பிள்ளையா? வாங்க, உக்காருங்க." பாய் சிரித்தார். "எங்கிட்டயே பெரிய கத்திரி வாங்கி, இங்கயே உக்காந்து ஓரத்த வெட்டிச்சி. ஏம்மா பாழாக்கறேன்னு கேட்டேன். எங்க ஊட்டுக்காரரு ஓரத்ததான் மொதல்ல பாப்பாருன்னு சொல்லிச்சி. நான் இன்னாவோ வெளயாட்டுன்னு நெனச்சேன்."

தசரதன் உட்காரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எதிர்க்காற்று. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒருமுறை சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்றார். கண்ணில் பட்டதெல்லாம் சரி, கை தொட்டதெல்லாம் சரி. ஓரம் வெட்டியிருந்தது, மறைக்கத்தான் வெட்டியிருந்தது. அப்படியிருந்தும் எப்படித் தப்பாயிற்று? ராம்சரண் கோணலாகப் போட்டுக்கொண்ட பொத்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் நிற்கப் பிடிக்காமல் ஏறி மிதித்தார்.

வீட்டில் சுசீலா பெண்களுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தாயா என்று கேட்கவில்லை. தசரதன் புகார்த் தாளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

காலையில் வந்து புடவையைத் தங்கள் ஊர் மாதிரி கட்டிவிடுவதாக பிம்லா சொல்லியிருந்தாளாம். பத்து மணி வரைக்கும் எதிர்க்கதவு திறக்கவில்லை. சுசீலாவே கட்டிப் பார்த்தாள். அந்த ஊர்க் கட்டில் முந்தானை பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் வர வேண்டும். மூன்று முறை கட்டியும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பைஜாமா நாடாவோடு தசரதன் போராடிக்கொண்டிருந்தார். ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வந்ததும் லலிதா, "அப்பா மைக்செட் கட்ற ஆளு மாதிரி கீறாரு" என்றாள். புஷ்பா அவளைக் கிள்ளினாள்.

"அவங்க கூப்புடல. போவலாமா?" என்று புஷ்பா கேட்டாள்.

"போவலாம்" என்றார் தசரதன்.

நாலு பேரும் வராந்தாவைக் கடந்து எதிர்க்கதவின் முன் நின்றார்கள். மாடிப்படியில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த, அதே ப்ளாக் வேம்புலியின் மனைவி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். புஷ்பா கதவைத் தட்டினாள்.

திறந்தது ராம்சரண். ஜிப்பா போட்ட தசரதனை மேலும் கீழும் பார்த்தான். இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கி, கேட்டில் நிற்பதுபோல நின்றான்.

லலிதா சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. தசரதனுக்குக் காதெல்லாம் சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கால் பின்வாங்கியது. பின்னால் சுசீலா நின்றிருந்தாள், நகரவில்லை.

"தப்பு. என் மேல தப்பு" என்றார். பிறகு புஷ்பாவிடம், "சொல்லு" என்றார்.

புஷ்பா அவரைப் பார்த்தாள். "நெசமாவே சொல்லட்டுமாப்பா?"

"சொல்லும்மா."

அவள் இந்தியில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். நடுவில் ஒருமுறை அம்மாவைக் கையால் காட்டினாள்.

"நான் சொன்னது ரெண்டு வார்த்த. நீ இன்னா சொன்ன இவ்ளோ நேரம்?"

"அதேதான்பா. இந்தில நீளமா வரும்."

ராம்சரண் கையைக் கீழே இறக்கினான். என்னவோ சொன்னான்.

"உள்ள வரச் சொல்றாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவ்வளவுதான் இருக்க முடியாது என்று தசரதனுக்குப் பட்டது. ஆனாலும் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே பிம்லா அழுத முகத்தோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தட்டில் குங்குமம், அரிசி, ஒரு விளக்கு, சிவப்பும் தங்கமுமாகக் கயிறு, எல்லாம் தயாராகத்தான் இருந்தன. அவள் தசரதனைப் பார்க்கவில்லை. நேரே சுசீலாவிடம் வந்தாள். தோளில் தூக்கிக்கொண்டு நின்ற முந்தானையை உருவினாள். உதறி, புதிதாக மடிப்பு எடுத்து, வலது தோளுக்கு மேல் கொண்டுவந்து விரித்து, தன் ரவிக்கையிலிருந்தே ஒரு ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். எட்ட நின்று பார்த்தாள். பிறகு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சுசீலா என்ன சொன்னாள் என்பதை புஷ்பா மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பிம்லா தசரதனை மணையில் உட்கார வைத்தாள். நெற்றியில் பொட்டு வைத்தாள். கயிற்றைக் கட்டி முடித்து ஒரு லட்டை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். தசரதன் பழக்கத்தில் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கப் போனார். சுசீலா இருமினாள். வாயைத் திறந்தார்.

திங்கட்கிழமை அந்தக் கயிற்றோடுதான் கேட்டில் நின்றார். "இன்னா அண்ணாத்தே, சேட்டு ஆயிட்டியா?" என்று கையைத் தூக்கியபடியே வேம்புலி கேட்டான். பல வருஷத்தில் அந்த வரிசையிலிருந்து அவரிடம் வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. கிண்டலா, சிநேகமா என்று தசரதனுக்குப் பிடிபடவில்லை. ராம்சரண் வந்தான். அக்குள், இடுப்பு, முழங்கால், டப்பா. எல்லாருக்கும் போல நாலே நொடி. "போ." அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான். அவர்கள் இருவரும் அதற்குமேல் நெருங்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு ப்ளாக்கில் நாலு வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தது. பதினொரு வீட்டிலிருந்து வரவில்லை. சுசீலா பதினைந்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் அதே நோன்பு வந்தது. துணி எதுவும் இல்லை. காலையில் தசரதன் லுங்கியோடு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தபோது, தட்டை ஏந்திக்கொண்டு பிம்லாவே வாசலில் வந்து நின்றாள். தோளில் மூன்று மாதக் குழந்தை.

தசரதன் சோப்பு நுரையோடு அடுப்படிக்குள் தலையை நீட்டினார். "இந்த வருசமும் நீ போய்ச் சொன்னியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

சுசீலா தோசையைத் திருப்பிப் போட்டாள். "அவளயே கேளேன். இப்பத்தான் தமிழ் நல்லாப் பேசுதே."

தசரதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் மணையில் உட்கார்ந்தார். பிம்லா குழந்தையை புஷ்பாவிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை எடுத்தாள். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அவள் முடிச்சுப் போட்டு முடிக்கிற வரைக்கும் அவள் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.